தாராக்குஞ்சு எப்பப் பறக்கும்?

மழை விட்டுப் பதினெட்டு நாள் ஆகியும் முருகேஸ்வரி வீட்டுக் கக்கூஸில் தண்ணீர் இறங்கவில்லை. ஒரு வாளி ஊற்றினால் ஒன்றரை வாளி மேலே வந்தது.

மில்லர்புரத்துக்குப் பின்னால், தெரு முடிகிற இடத்தில் கடைசி வீடு அவளுடையது. வீட்டை ஒட்டி முப்பது சென்ட் காலிமனை. மனைக்காரர் மஸ்கட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். தெருவில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீடு கட்டியபோது வீடும் தெருவும் ஒரே மட்டம்தான். அதன்பிறகு ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு ஒரு சாண் ஏறியது. வீடு இருந்த இடத்திலேயே பள்ளத்துக்குள் போனது. கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் காலிமனை குளமாகி, அந்தக் குளம் அவள் புறவாசலுக்குள் புகுந்து, செப்டிக் டேங்க்கை மூழ்கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

அவள் புருஷன் வேல்ராஜுக்கு இது பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை. ஹார்பரில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் கொச்சி, பெங்களூர் என்று போய்விடுவான். வீட்டில் இருக்கிற நாளிலும் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு லாரி நிறுத்துகிற இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தலைசீவி வந்து நிற்பான். அவதி முழுக்க அவளுக்கும் பிளஸ் டூ படிக்கிற மகள் இசக்கிசெல்விக்கும்தான்.

எதிர்வீட்டு ஈவாஞ்சலின் டீச்சர் முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "எதுக்கு முருகேஸ்வரி சங்கடப்படுதே? என் வீட்டுப் பின்பக்கத்து பாத்ரூம் சும்மாதான் கெடக்கு. காம்பவுண்டுக் கதவைத் தொறந்தே வச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் வாங்க."

டீச்சருக்குச் சொந்த ஊர் நாசரேத். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவர். ஐம்பத்தைந்து வயசு, தனியாக இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு. தெருவைவிட நாலடி உயரத்தில் கடைக்கால் போட்டிருந்தார். அந்த வீட்டு வாசற்படியின் முதல் கல்லைக்கூட இந்த வெள்ளம் தொடவில்லை.

ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை தாயும் மகளும் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்தார்கள். டீச்சர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. முருகேஸ்வரிக்கு அதுதான் பாரமாக இருந்தது. சுளித்திருந்தால் கோபப்பட்டு ஆறியிருக்கலாம். அவள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பிளவுஸ் தைக்கிறவள். மிஷினில் உட்கார்ந்தால் தண்ணீர் தாகம் எடுக்கும், குடிக்க மாட்டாள். குடித்தால் தெருவைக் கடக்க வேண்டும். அளவு கொடுக்க வந்த பெண்கள் அவள் வாளியோடு வருவதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனைப் பார்ப்பார்கள்.

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள் காலையில் அவள் டீச்சர் வீட்டிலிருந்து திரும்பும்போது, டீச்சர் நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்து கேஸ் வண்டியை மறித்துக்கொண்டு நின்றார். கேஸ்காரன் ஹாரனை அடித்தான். டீச்சர் அசையவில்லை. எதிர்த்தாற்போல் முள்ளடர்ந்த உடைமரக் காட்டுக்குள்ளிருந்து ஒரு தாரா கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஒன்பது குஞ்சு. கறுப்பும் மஞ்சளுமாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, உருட்டிவிட்ட மாதிரி ஓடின. தெருவைக் கடந்து, சரிவில் இறங்கி, முருகேஸ்வரி வீட்டுப் பக்கத்துத் தண்ணீருக்குள் ஒவ்வொன்றாகக் குதித்தன.

"புள்ளிமூக்கு வாத்து, முருகேஸ்வரி! காட்டு வாத்து. மூக்கு நுனியில மஞ்ச இருக்கு பாத்தியா? பொரிச்சு நாலஞ்சு நாள்தான் இருக்கும். பொரிச்ச கையோட தாய் தண்ணிக்குக் கூட்டிட்டு வந்திரும்." டீச்சருக்கு மூச்சு வாங்கியது. முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"இதுகளுக்காவது இந்தத் தண்ணி பிரயோஜனப்படுதே" என்று சொல்லி முருகேஸ்வரியும் சிரித்தாள்.

தண்ணீரை இறைக்கச் சொல்லி மனுவோடு திங்கட்கிழமைதோறும் குறைதீர் கூட்டத்துக்குப் போனாள். ஐந்து திங்கட்கிழமை. முதல் வாரம் பம்ப் எல்லாம் வேறு பக்கம் ஓடுகிறது என்றார்கள். இரண்டாவது வாரம், தனியார் மனைக்குள் கிடக்கிற தண்ணீரை மனைக்காரர்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். மனைக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார் என்றாள். அப்படியானால் அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் பொங்கல் லீவு. நாலாவது வாரம் தெருவில் வீடு வீடாக ஏறி நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். முதல் கையெழுத்து ஈவாஞ்சலின் டீச்சருடையது. ஐந்தாவது வாரம் அவளுக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "ஐயா, எங்க வீட்டுல பொம்பளப்பிள்ள இருக்கு. அம்பது நாளா அடுத்த வீட்டுக்குப் போயிட்டு வாறோம். ஒங்க வீட்டுல இப்படி இருந்தா சும்மா இருப்பீங்களா?" வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவமானத்தில் அவள் காது சூடேறியது. ஆனால் இரண்டாம் நாளே பம்ப் வந்துவிட்டது.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்த டீசல் பம்ப். நேசக்குமார் என்ற ஓட்டுநர் தெருமுனை ஓடை வரைக்கும் ஹோஸ் பைப்பை விரித்துப்போட்டு இஞ்சினைத் தட்டினான். கரும்புகை எழும்பியது. தாரா தன் குஞ்சுகளைத் திரட்டிக்கொண்டு மனையின் அந்தக் கோடிக்கு வரிசையாக நீந்திப் போனது. அரை மணி நேரத்தில் தண்ணீர் நாலு விரற்கடை குறைந்து, செப்டிக் டேங்க் மூடியின் ஒரு விளிம்பு வெளியே தெரிந்தது. பச்சைப் பாசி படிந்த அந்த சிமெண்ட் விளிம்பை முருகேஸ்வரி சாமி கும்பிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய ஈவாஞ்சலின் டீச்சர் ஸ்கூட்டியை அப்படியே நிறுத்திவிட்டு வந்தார்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க தம்பி."

நேசக்குமாருக்குக் கேட்கவில்லை. டீச்சர் கையை ஆட்டினார். அவன் இஞ்சினைக் குறைத்தான்.

"முருகேஸ்வரி, இதுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாதும்மா. றெக்கை முளைக்கவே இல்ல, பாரு. தண்ணி வத்துனா எங்கன போவும்? நாய் ஒண்ணைக்கூட விடாது."

"அதுக்கு என்ன செய்யணும் டீச்சர்?"

"இன்னும் மூணு வாரம். எட்டு வாரத்துல பறந்துரும். இப்ப அஞ்சு வாரம் ஆயிட்டு. மூணே வாரம்தான்."

முருகேஸ்வரி டேங்க் விளிம்பைப் பார்த்தாள். காலை ஆறு மணிக்கு அவள் டீச்சர் வீட்டுக் குளியலறையில் குளித்திருந்தாள். டீச்சர் வாங்கி வைத்த சோப்பின் வாசனை இன்னும் அவள் கழுத்தில் இருந்தது.

"வேற எங்கயாவது கொண்டுபோய் விட முடியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

"பிடிக்க வராது. முங்கிரும்" என்ற டீச்சர் அதற்குள் போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்திருந்தார். அவரிடம் முன்பு படித்த மாணவி ஒருத்தி வனத்துறையில் யாரையோ பிடித்துக் கொடுத்தாள். டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டு நேசக்குமார் பக்கம் நீட்டினார். "பறவைக்குஞ்சு இருக்கையில தண்ணிய எடுக்காதீங்கப்பா. பின்னால பிரச்சினையாயிரும்" என்றது ஒரு ஆண்குரல். அவ்வளவுதான்.

நேசக்குமார் இஞ்சினை அணைத்தான். "யக்கா, எனக்கு எதுக்கு வம்பு? நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு ஆபீஸ்ல சொல்லுங்க. இன்னும் மூணு எடம் பாக்கி இருக்கு."

"அண்ணாச்சி, ஒரு மணி நேரம் ஓட்டுனாப் போதும். என் வீட்டு டேங்க் தெரிஞ்சாப் போதும்."

"ஆபீஸ்ல எழுதிக் கேப்பாங்கக்கா. நான் என்ன சொல்லுவேன்?"

ஹோஸைச் சுருட்டிக்கொண்டு டிராக்டர் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் ஊற்றுத் தண்ணீர் ஊறி, மூடியின் விளிம்பு மறுபடியும் உள்ளே போனது.

அன்றிலிருந்து டீச்சர் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தாள். பைபாஸில் இருக்கிற பெட்ரோல் பங்கு கக்கூஸுக்கு நடந்தாள். போக வர அரை மணி நேரம். மகளையும் கூப்பிட்டாள்.

"நீ வேணும்னாப் போ. எனக்குப் படிக்கணும்" என்றாள் இசக்கிசெல்வி. "டீச்சர் நம்மள என்ன செஞ்சாவ?"

"ஏளா, அம்பது நாளு அலைஞ்சி கொண்டுவந்த பம்பைத் திருப்பி அனுப்பிட்டாவ. அது ஒனக்கு ஒண்ணுமில்லையா?"

"தாராக்குஞ்சு செத்தா ஒனக்கு நல்லாருக்குமா?"

செத்தால் நன்றாக இருக்காது. ஆனால் அதை ஏன் தன்னிடம் கேட்கிறார்கள் என்றுதான் முருகேஸ்வரிக்குப் புரியவில்லை.

நாலு நாள் பங்குக்கு நடந்தாள். ஐந்தாம் நாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்தாள். டாக்டரம்மா, "தண்ணி குடிக்காம, அடக்கிவச்சுக்கிட்டு இருந்தா இப்படித்தான் வரும்" என்று திட்டி மாத்திரை கொடுத்தார். மறுநாள் காலையில் தலையைக் குனிந்துகொண்டு டீச்சர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நுழைந்தாள். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே புது மக்கும், வெந்நீருக்கு ஒரு ஹீட்டர் கம்பியும் டீச்சர் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. நன்றியில் வந்த அழுகை இல்லை.

வேல்ராஜ் கொச்சியிலிருந்து வந்ததும் அவனை உலுக்கி எடுத்தாள். அவன் யோசித்து, தருவைகுளத்திலிருந்து தன் சிநேகிதன் சிலுவையை வரச் சொன்னான். சிலுவை வலைக்காரன். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து வலையோடு வந்து இறங்கினான்.

"மச்சான், கடல்ல நண்டு, மீனு எல்லாம் பிடிச்சிருக்கேன். வாத்துக்கு வலை போடுறது இதான் மொத தடவ" என்றான்.

"பிடிச்சுக் கூடையில போட்டுக் குடு. கோரம்பள்ளம் குளத்துல கொண்டுபோய் விட்டுருதேன்" என்றாள் முருகேஸ்வரி. "அங்கன தண்ணி கெடக்கு. நல்லா இருக்கட்டும். இங்கன இருக்கப்படாது."

சிலுவை ஒரு ஓரமும் வேல்ராஜ் ஒரு ஓரமுமாக வலையைப் பிடித்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். வலை நெருங்கியதும் குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மாயமாகின. தண்ணீர் மட்டும் வட்டம் வட்டமாக அசைந்தது. பின்னால் பத்தடி தள்ளி ஒவ்வொரு தலையாக முளைத்தன. மறுபடியும் வலை; மறுபடியும் முங்கல். தாய்த்தாரா கரையோரமாக ஒரு றெக்கையை ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு, தண்ணீரை அடித்து அடித்து, முருகேஸ்வரியின் காலடி வரைக்கும் வந்தது.

"அடிபட்டுட்டு, பாவம்!" என்று அவள் அதைப் பிடிக்கக் குனிந்தாள். அது இரண்டடி தள்ளிப் போனது. இன்னும் குனிந்தாள். இன்னும் இரண்டடி போனது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி அதன் பின்னாலேயே போனாள். மனையின் மறுகோடி வரைக்கும் அவளை இழுத்துக்கொண்டு போன தாரா, அங்கே போனதும் றெக்கை இரண்டையும் விரித்து, ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பிப் பறந்து குஞ்சுகளிடம் போய்விட்டது. முருகேஸ்வரி திரும்பும்போது கால் வழுக்கி, கழுத்து வரைக்கும் அந்த நாற்றத் தண்ணீருக்குள் விழுந்தாள்.

ஒரு மணி நேரத்தில் வலையில் ஏறியது இரண்டு பிளாஸ்டிக் குடமும், ஒற்றைச் செருப்பும், ஒரு பழைய மிக்ஸி மூடியும்.

"இது மீனு புத்தியில்ல மச்சான். வேற புத்தி" என்று சொல்லி சிலுவை வலையை உதறினான்.

அப்போதுதான் டீச்சர் கோவிலிலிருந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்தினார். வெள்ளைச் சேலை, கையில் வேதாகமப் பை. வலையைப் பார்த்தார். தலையிலிருந்து சேறு வடிய நின்ற முருகேஸ்வரியைப் பார்த்தார்.

"என்ன செய்யுதீங்க இங்க? வலையில குஞ்சு காலு மாட்டுனா முறிஞ்சிரும்னு தெரியாதா? நீ இப்படிச் செய்வேன்னு நான் நினைக்கல, முருகேஸ்வரி."

"என்ன நினைச்சீங்க டீச்சர்?" முருகேஸ்வரி முகத்துச் சேற்றை வழித்து எறிந்தாள். "ஒங்க வீடு மேட்டுல இருக்கு. மொட்டைமாடியில நின்னு தாராவப் பாப்பீங்க. நான் பள்ளத்துல கெடக்கேன். தாராவும் நானும் ஒரே தண்ணியில கெடக்கோம். அது பறக்குத வரைக்கும் பொறுக்கணும்னு எனக்குச் சொல்லுதீங்க. நாங்க எப்பப் பறக்கன்னு யாராவது கேட்டீங்களா? பிள்ளைக்குப் பரீட்சை வருது. ஒரு பொம்பளப்பிள்ள மாசத்துல மூணு நாளு வாளியத் தூக்கிட்டுத் தெருவைக் கடக்குதுன்னா எப்படி இருக்கும்? ஒங்களுக்குத் தெரியாதா?"

"நான் கதவைத் தொறந்துதானே..."

"தொறந்து வச்சீங்க. அதான் பேச முடியாம இத்தனை நாளு வாய மூடிட்டு இருந்தேன்!"

தெருவில் நாலைந்து வீட்டு ஜன்னல் திறந்தது. டீச்சர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கு டீச்சர் முருகேஸ்வரி வீட்டு வாசலில் வந்து நின்றார். "அரை நாள் லீவு போட்டிருக்கேன். வா, ரெண்டு பேரும் போய் மனு குடுத்துட்டு வருவோம்."

ஆபீஸில் ஒரு எழுத்தர் பழைய தாளைத் தேடி எடுத்தார். "பம்ப் அனுப்பி வேண்டாம்னு சொன்ன தெருதானே இது? யார் வேண்டாம்னு சொன்னது?"

"நான்தான்" என்றார் டீச்சர்.

"இப்ப வேணுமா?"

"இப்ப வேண்டாம். இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு. தேதி போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"அப்படியெல்லாம் தேதி போட முடியாது மேடம். வாத்து பறந்துட்டுன்னு தெருக்காரங்க எழுதிக் குடுங்க. அப்புறம் லிஸ்ட்ல சேப்போம்."

இருவரும் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"நான் யோசிக்கல முருகேஸ்வரி" என்றார் டீச்சர்.

"எதை?"

"பரீட்சையை."

"பரீட்சை மட்டுமா டீச்சர்?"

டீச்சர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இல்ல" என்றார். பிறகு, மாடி அறை காலியாக இருக்கிறது, குளியலறையும் சேர்ந்தது, பரீட்சை முடிகிற வரைக்கும் இசக்கிசெல்வி அங்கே இருந்து படிக்கட்டும் என்றார். மகள் அன்றைக்கே புத்தகத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். முருகேஸ்வரிக்கு அதற்கும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சாப்பாட்டுத் தூக்கையும் வாளியையும் ஒன்றாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பொழுது விடிந்ததும் அவள் செய்கிற முதல் வேலை குஞ்சுகளை எண்ணுவது என்று ஆகிவிட்டது. பாசத்தில் இல்லை. எப்போது தொலையும் என்று பார்க்கத்தான். ஒன்பது இருந்தது எட்டாயிற்று. ஒன்றைத் தெருநாய் கவ்விக்கொண்டு உடைமரத்துக்குள் ஓடியது. எட்டு ஏழாயிற்று; அதைப் பருந்து தூக்கியது. அதற்குப் பிறகு நாயைக் கண்டால் கல்லெடுத்து எறிந்தாள். எறிந்துவிட்டு, 'நான் எதுக்கு எறியுதேன்? எல்லாம் போய்த் தொலைஞ்சா நாளைக்கே பம்ப் வரும்லா' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாளும் கல் பொறுக்கி வைத்தாள்.

குஞ்சுகள் உடம்பில் தாயளவுக்கு வந்துவிட்டன. றெக்கையில் மட்டும் குச்சி குச்சியாக நீலக்குருத்து நின்றது. அதிலிருந்து இறகு பிரிய வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நின்ற இடத்திலேயே றெக்கையை அடித்துப் பார்க்கும். தண்ணீர்மேல் தடதடவென்று ஓடும். எழும்பப்போகிறது, எழும்பப்போகிறது என்று முருகேஸ்வரி கையைப் பிசைவாள். பொத்தென்று விழும். ஒரு நாள் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு கரை முழுக்க ஓடினாள். ஏழும் தண்ணீர்மேல் பாதி தூரம் ஓடி, கோரைக்குள் தலையைச் சொருகிக்கொண்டன.

டீச்சர் சொன்ன எட்டாவது வாரம் பிப்ரவரிக் கடைசியில் முடிந்தது. ஒன்றும் பறக்கவில்லை.

"எட்டு வாரம்னு சொன்னீங்களே டீச்சர்."

"சரியாச் சொல்ல முடியாதும்மா. முன்னப் பின்ன ஆவும். தீனியப் பொறுத்தது. புஸ்தகத்துல அம்பதுலருந்து அறுபது நாளுன்னு போட்டிருக்கு."

"அந்தப் புஸ்தகத்தைக் கொண்டுபோய் தாராகிட்டக் காட்டுங்க. அதுக்குத் தெரியாம இருக்கும்."

டீச்சர் சிரிக்கவில்லை.

மார்ச் மாதம் பரீட்சை தொடங்கி மூன்றாம் நாள், காலை ஏழு மணி. முருகேஸ்வரி புறவாசல் துவைகல்லில் துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள். தாய்த்தாரா சத்தம் கொடுத்து எழும்பியது. பின்னாலேயே ஒரு குஞ்சு ஓடியது, கால் தண்ணீரை விட்டது, விழவில்லை. அடுத்தது. அடுத்தது. அவள் துணியை அப்படியே போட்டாள். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே, கரண்ட் கம்பிக்கும் மேலே, றெக்கையில் பச்சை மின்ன அவை வட்டம் போட்டன.

"டீச்சர்! டீச்சர்! பறக்குது!"

டீச்சர் தலையில் ஈரத்துண்டோடு ஓடிவந்தார். மாடி ஜன்னலில் இசக்கிசெல்வி. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்தார். வாத்துகள் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றின. பிறகு சாய்ந்து இறங்கி, அதே தண்ணீரில், அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன.

"திரும்பி வந்துட்டு" என்றாள் முருகேஸ்வரி.

"ஆமா."

"பறந்தாப் போயிரும்னு சொன்னீங்களே!"

"பறக்கும்னுதானே சொன்னேன். இங்கன தண்ணி இருக்கு, தீனி இருக்கு. இருக்கிற வரைக்கும் எதுக்குப் போவணும்?"

முருகேஸ்வரி துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதமாக அவள் மனசில் பறப்பதும் போவதும் ஒன்றாகத்தான் இருந்தது.

"இனிமே பயமில்ல" என்றார் டீச்சர். "தண்ணிய எடுத்தா அதுகளே வேற குளத்துக்குப் போயிரும். இன்னைக்கே எழுதிருவோம். எல்லாம் பறந்துட்டுல்லா?"

முருகேஸ்வரி கோரைப்பக்கம் பார்த்தாள். மேலே போனது தாயும் ஆறு குஞ்சும். தினமும் எண்ணுகிறவளுக்குத் தெரியாதா? ஏழாவது, எல்லாவற்றிலும் சின்னது, கோரைக்கு அடியில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றது. அது தண்ணீரை விட்டு எழும்பவே இல்லை.

"எல்லாம் பறந்துட்டு டீச்சர்" என்றாள்.

டீச்சர் அழகான கையெழுத்தில் எழுதினார். முருகேஸ்வரி கீழே கையெழுத்துப் போட்டாள். நாலாம் நாள் நேசக்குமார் டிராக்டரோடு வந்தான். டீச்சர் பரீட்சை டியூட்டிக்குப் போயிருந்தார்.

பத்து மணிக்கு செப்டிக் டேங்க் மூடி முழுசாக வெளியே வந்தது. முருகேஸ்வரி ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. இன்னொரு வாளி. அதுவும் இறங்கியது. இந்த நாளுக்காக எத்தனை வேண்டுதல்! சந்தோஷம் வரும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே தாராக்கள் எழும்புகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். தாயும் ஆறு குஞ்சும் மேற்கே கோரம்பள்ளம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

சேற்றுக்கு நடுவே சின்னது மட்டும் நின்றது. ஓடியது, றெக்கையை அடித்தது, சேறு தெறித்தது. உடைமர நிழலில் மூன்று நாய்கள் வந்து உட்கார்ந்திருந்தன. அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

"அண்ணாச்சி, போதும், நிப்பாட்டுங்க!"

நேசக்குமார் அவளை வினோதமாகப் பார்த்தான். "அக்கா, அந்தக் கோடியில பெரிய குழி இருக்கு. அதையும் எடுத்தாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"அந்தக் குழிய விட்டுருங்க. எனக்கு வேண்டியது முடிஞ்சிட்டு."

"அன்னைக்கு ஓட்டு ஓட்டுன்னீங்க. இன்னைக்கு நிப்பாட்டுன்னா..."

"முடிச்சாச்சுன்னு எழுதிக்கிடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டு பைப்பைச் சுருட்டினான். முருகேஸ்வரி கம்பை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, அந்தக் குஞ்சைக் குழித்தண்ணீர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். உடைமுள்ளை வெட்டி இழுத்து வந்து குழியைச் சுற்றிப் போட்டாள். தைக்க வேண்டிய பிளவுஸ் எட்டு உள்ளே கிடந்தது. இவள் முழங்கால் சேற்றோடு கம்பும் கையுமாகக் காவல் நின்றாள்.

சாயங்காலம் டீச்சர் வந்து முள்வேலியைப் பார்த்தார். உள்ளே இருந்ததையும் பார்த்தார்.

"இது பறக்காதது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னும் மூணு வாரம்பீங்க."

டீச்சர் தன் வீட்டுக்குப் போய்ச் சேலையை மாற்றிவிட்டுத் திரும்பி வந்து, மூங்கில் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். அன்றிலிருந்து காலையில் டீச்சர், பகலில் முருகேஸ்வரி, வேல்ராஜ் இருக்கிற நாளில் அவனும். வெயில் ஏற ஏறக் குழித்தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. முருகேஸ்வரி குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் குடம் குடமாகக் கொண்டுபோய் அதில் ஊற்றினாள். வெளியே எடுக்க இரண்டு மாதம் அலைந்த தண்ணீரை இப்போது சுமந்து ஊற்றுகிறாளே என்று தெருவில் பேசினார்கள். அவள் காதுபடவே பேசினார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் குழி வெறுமையாக இருந்தது.

முள் விலகவில்லை. சேற்றில் நாய்க்கால் தடம் இருந்தது. ஆனால் அது தினமும் இருப்பதுதான். முருகேஸ்வரி கம்பை எடுத்துக்கொண்டு உடைமரக் காட்டுக்குள் நுழைந்தாள். ஒரு இறகாவது கிடக்கிறதா என்று மரம் மரமாகத் தேடினாள். பழைய சாக்கும் பாட்டிலும் கிடந்தன. திரும்பி வரும்போது செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. நொண்டிக்கொண்டு வந்து வாசல் கல்லில் உட்கார்ந்தாள்.

டீச்சர் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். "ஏதாவது கெடந்துச்சா?"

"ஒண்ணும் கெடக்கல."

"அப்பப் பறந்துட்டுதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. நான் அஞ்சரைக்கு வந்தேன். அப்பவே இல்ல."

"நானும் பாக்கல" என்றாள் முருகேஸ்வரி. காலைத் திருப்பி மடியில் வைத்து, நகத்தால் முள்ளைப் பிடித்து இழுத்தாள். பாதிதான் வந்தது. மீதி உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது.